‘இதற்குள் என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்கக்கூடிய ஒரு சாப்பாட்டுக் கடை

திருகோணமலையின் உட்துறைமுகப் பக்கமாக, மரக்கறித் தண்டுகளைத் தேடி மாலையில் மான்கள் வந்து நிற்கும் ஓர் ஒழுங்கையில், ஆறு மேசைகள் மட்டுமே கொண்ட சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. கடந்த ஜூலை மாதம் முதல் ஏழு தடவைகள் அங்கே சாப்பிட்டுப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வயதிலிருந்து அவளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. இறாலும் நண்டும் ஒவ்வாது என்பது தோல் பரிசோதனையிலும் அனுபவத்திலும் உறுதியான விடயம். ஆகவே கறியின் சுவையைக் கவனிப்பதற்கு முன்னர், அந்தக் கறி எந்தச் சட்டியில் வெந்தது, எந்த அகப்பையால் கிண்டப்பட்டது, பக்கத்து மேசைக்குக் கீழே என்ன புகைந்தது என்பவற்றையே நான் பார்க்கிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்தும் அக்கா கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் இப்போது காட்டும் கவனத்தைக் காட்ட முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதை மதிக்கிறேன், ஊரில் உள்ளவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

நாங்கள் வெளியே சாப்பிடுவதை நிறுத்தி மூன்று வருடங்களாகியிருந்தன. நிறுத்தக் காரணமான அன்று, வேறோர் இடத்தில் மகளுக்கு மரக்கறிக் கொத்து ரொட்டி வாங்கினோம். இறால் இருக்கிறதா என்று கேட்டதற்கு, மரக்கறிக் கொத்தில் எப்படி இறால் வரும் என்று சிரித்தார்கள். கொத்தில் இறால் இல்லைதான். ஆனால் சற்று முன்னர் அதே தகட்டில் இறால் கொத்து அடித்து, தகட்டைக் கழுவாமல் வழித்துவிட்டு, அதன்மேலேயே எங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் பிள்ளையின் உதடு தடித்தது, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. முட்டுக்கு வாயால் இழுக்கும் நீல நிறப் பம்ப்பை அடித்தும் அடங்கவில்லை. ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போட்ட பின்னர்தான் மூச்சு இறங்கியது. கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின்தான் என்பதையும், பம்ப் மூச்சுக்குழாயை விரிக்க உதவுமே தவிர அதற்கு ஈடாகாது என்பதையும், முட்டு கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை வந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்பதையும் அன்றுதான் வைத்தியர் விளங்கப்படுத்தினார். அதன் பிறகு கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் மகளுக்கான சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில்தான் போனது.

இந்தக் கடைக்கும் அப்படியொரு டப்பாவோடுதான் முதல் நாள் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். நானும் கணவரும் சாப்பிடுவது, மகள் கொண்டுபோனதைச் சாப்பிடுவது என்று எண்ணம். அக்கா டப்பாவைக் கண்டுவிட்டு, கோபிக்காமல், பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். இறால், நண்டு என்றேன். அவர் குசினிக்குள் திரும்பிப் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "பருப்பு, கீரை, பூசணிக்காய், விளைமீன் குழம்பு, சொதி, இவ்வளவும் பிள்ளை சாப்பிடலாம். சம்பல் வேண்டாம். அதுக்குள்ள மாசி போட்டிருக்கு. மாசி மீன்தான், ஆனா நான் வாங்கிற கடையில கூனி இறாலையும் அதே உரலிலதான் இடிக்கிறவங்கள். எனக்குச் சந்தேகம்." கடைக்காரர் ஒருவர் தன் சமையலைப் பற்றித் தானே சந்தேகம் என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

அந்தச் சந்தேகத்தின் பெறுமதி விளங்க வேண்டுமானால் இறால் ஒவ்வாமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறால், நண்டு, கூனி ஆகியவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதமே பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும், காய வைத்து இடித்தாலும் அது பெரிதாகச் சிதைவதில்லை. ஆகவே நன்றாக வேக வைத்தாயிற்று என்ற சமாதானம் இங்கே உதவாது. மீனில் ஒவ்வாமையை உண்டாக்குவது பார்வல்புமின் என்னும் வேறொரு புரதம் என்பதால், இறால் ஒவ்வாத பிள்ளை மீன் சாப்பிடலாம். மீனுக்கும் தனியாக ஒவ்வாமை இருந்தால் மட்டுமே அதையும் விலக்க வேண்டும். மாசி சூரை இன மீனை அவித்து, புகையூட்டி, காய வைத்துச் செய்வது. அது மகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கட்டைச்சம்பலிலும் சீனிச்சம்பலிலும் சேரும் அந்த இடித்த மாசிக்குள் ஒரு சிட்டிகை கூனித்தூள் கலந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் பிடிபடாது. கணவாய், மட்டி போன்றவற்றிலும் இதே வகைப் புரதம் உண்டு. இறால் ஒவ்வாதவர்களில் சிலருக்கு அவையும் ஒவ்வாது. இன்னொன்று: மெத்தையில் இருக்கும் தூசுப்பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் ஏறத்தாழ இதே அமைப்புள்ள ட்ரோபோமயோசின் இருக்கிறது. வீட்டுத் தூசியால் முட்டு வரும் சிலர் இறாலைத் தின்று தடித்துப்போவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அக்காவுக்கு இந்த விபரம் சைப்பிரஸில் கிடைத்தது. அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் எட்டு வருடம் வேலை செய்திருக்கிறார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல், பொதி செய்யாமல் பரிமாறும் சாப்பாட்டிலும் 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் உள்ளனவா என்ற தகவலை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கத்தை அவர் இங்கே ஒரு கரும்பலகையில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கறியின் பெயருக்கும் கீழே சோக்கட்டியால் சிறிய எழுத்தில் ‘கடுகு’, ‘எள்’, ‘கஜு’, ‘பால்’, ‘முட்டை’, ‘மாசி’ என்று எழுதியிருக்கும். கடுகும் எள்ளும் அந்த 14 இல் அடங்கும் என்பதை நான் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அறிந்தேன். கடுகு தாளிக்காத கறியும் நல்லெண்ணெய் படாத குழம்பும் நம் வீடுகளில் குறைவு. கடுகு ஒவ்வாத ஒருவர் நம் ஊரில் எப்படித்தான் சாப்பிடுகிறார் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்புப் பச்சையரிசிச் சோறு குழையாமல் உதிரியாக இருந்தது. விளைமீன் குழம்பில் கொறுக்காய்ப்புளியின் புளிப்பு முன்னுக்கு நிற்க, மிளகாயின் காரம் பிறகே வந்தது; குழம்பின் மேலே தேங்காய்ப்பால் திரளாமல் ஒன்றாக இருந்தது. பூசணிக்காய்க் கறியில் வறுத்த அரிசித்தூளும் தேங்காயும் சேர்ந்த அந்த மண்ணிற மணம் எங்கள் அம்மாவின் அடுப்படியை நினைவூட்டியது. கீரை மட்டும் சற்று அதிகமாக வெந்து நிறம் மாறியிருந்தது. சொதி மிக நன்று. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, பீங்கானை வழித்துச் சாப்பிட்டாள். கடைச்சாப்பாட்டை அவள் அப்படிச் சாப்பிட்டதைக் கண்டு மூன்று வருடங்கள்.

இரண்டாம் தடவை மகள் முட்டைச் சோறு கேட்டாள். இந்த வகைப் பொரித்த சோற்றில் ஊற்றும் சோஸ்களே எனக்கு எப்போதும் பயம். அக்கா போத்தல்களை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் ஒட்டியிருந்த லேபல் எண்ணெய் பட்டு ஒரு மூலை கரைந்திருந்தது. அவர் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். சிப்பிச் சாறு சேர்ந்த சோஸ் அது. "இது வேண்டாம்" என்று எடுத்து வைத்துவிட்டு, சோயா சோஸை மட்டும் காட்டி, அதில் கோதுமையும் இருக்கிறது, பிள்ளைக்குப் பிரச்சினை இல்லைதானே என்று கேட்டார். சிப்பி மகளுக்கு ஒவ்வுமா என்பது இதுவரை பரிசோதிக்கப்படவில்லை. அதனால் அது விலகியதே நல்லது. சுவைத்தூள் (அஜினமோட்டோ) முட்டு வருத்தத்தை எழுப்பும் என்று நம்மவர்கள் பலர் சொல்வதுண்டு, நானும் நம்பியிருந்தேன். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மாறாக, இறால் கறுக்காமல் இருப்பதற்கும் உலர்ந்த பழங்கள் நிறம் மங்காமல் இருப்பதற்கும் சேர்க்கும் சல்பைற்று வகைகள் முட்டு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு உண்மையாகவே மூச்சை அடைக்கச் செய்யும். அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அஞ்சியிருக்கிறேன்.

பொரியல்களில் இந்தக் கடைக்கு நான் முழுப் புள்ளி தர மாட்டேன். எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருக்கிறது. வார இறுதியில் அதே சட்டியில் இறால் பொரிகிறது. திங்கட்கிழமை எண்ணெயை மாற்றுவதாக அக்கா சொல்கிறார், சட்டியைக் கழுவுவதையும் நான் கண்டேன். ஆனாலும் மகளுக்கு அங்கே பொரித்தது எதையும் நான் வாங்குவதில்லை, அவரும் வற்புறுத்துவதில்லை. கடற்கரையில் இறால் வடையும் பருப்பு வடையும் ஒரே எண்ணெயில் மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு என் தயக்கம் விளங்கும். இன்னொரு சட்டி வாங்கும் செலவு இந்தக் கடைக்குப் பெரிதல்ல. வாங்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு வாழைக்காய்ப் பொரியலாவது கிடைக்கும்.

மீனைப் பற்றி அவர் காட்டும் கண்டிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். சூரைக் குழம்பு இருக்கிறதா என்று கணவர் கேட்க, இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்றார் அக்கா. அன்று காலை வந்த மீன் ஐஸ் குறைவாகப் போட்டு வந்திருக்கிறது. சமைத்த பின்னர்தான் அது தெரிந்திருக்கிறது. சூரை, சாளை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால், பக்டீரியாக்கள் மீன் தசையில் உள்ள ஹிஸ்ரிடீனை ஹிஸ்ரமீனாக மாற்றிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சமைத்தாலும் அந்த ஹிஸ்ரமீன் அழியாது. அதைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலங்களுக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பில் தடிப்பு எழும். சிலருக்கு வாயில் மிளகு கடித்தாற்போல் உறைக்கும். பார்ப்பதற்கு ஒவ்வாமை போலவே இருக்கும் இந்த நஞ்சாதலை நம் ஊரில் ‘சூரை எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று ஆயுள் முழுவதற்கும் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீனைக் கைவிட வேண்டியதில்லை. மீன் எப்படி வந்தது என்பதைக் கேட்டால் போதும். முட்டு உள்ளவர்களுக்கோ ஹிஸ்ரமீன் கூடுதல் தொல்லை, ஏனெனில் அது மூச்சுக்குழாயையும் இறுக்கக்கூடியது. ஒரு சட்டிக் குழம்பை அன்று அவர் நட்டத்துக்கு ஊற்றியிருக்கிறார்.

சாப்பாடு ஒரு பாதிதான். மற்றப் பாதி காற்று. இந்த ஊரில் ஜூன் முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறண்டு அடிக்கும், தெருப் புழுதி வாயிலும் கண்ணிலும் நிறையும். கார்த்திகை, மார்கழியில் வாடை ஈரத்தைக் கொண்டுவந்து சுவரில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். கச்சான் காற்றும் தின்னும் கச்சானும் (நிலக்கடலை) ஒரே பெயரைக் கொண்டு, இரண்டும் பிள்ளைகளில் சிலரின் மூச்சுக்குப் பகையாக இருப்பது எனக்கு எப்போதும் மனதில் தட்டுப்படும் ஒற்றுமை. கடையின் தெருப் பக்கத்துச் சன்னல்களுக்கு அக்கா ஜூலையில் ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேசைகளில் துணி விரிப்பு இல்லை, சன்னலில் திரைச்சீலை இல்லை, தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். மின்விசிறியின் இதழ்களில் அந்தக் கறுப்புத் தூசு விளிம்பு இல்லை என்பதை மகள்தான் எனக்குக் காட்டினாள். தூசு எங்கே தேங்கும் என்று பார்க்க அவளுக்குப் பழகிவிட்டது.

விறகடுப்பு பின் முற்றத்தில், குசினிக்கு வெளியே இருக்கிறது. மிளகாய் வறுப்பதும் அங்கேதான். மிளகாய் நெடி ஒவ்வாமை அல்ல, மூச்சுக்குழாயின் நரம்புகளை நேரே எரிப்பது. ஆனால் ஏற்கெனவே சுருங்கி நிற்கும் குழாய்க்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது. இங்கே மாலையில் நுளம்புத்திரி கொளுத்துவதில்லை. சன்னலுக்கு வலை அடித்து, காற்றாடியைக் காலடிக்குத் திருப்பி வைக்கிறார்கள். ஒரு திரி முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் நிறை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இரவில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அதைக் கொளுத்தி வைத்து, அவள் இருமுவதற்குப் பனிதான் காரணம் என்று வருடக்கணக்காக நாங்கள் நம்பியிருந்தோம். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

கிரந்தி, குளிர்ச்சி என்று சொல்லி முட்டுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம், தயிர், இளநீர், தக்காளி என்று ஒவ்வொன்றாக மறுக்கும் வழக்கத்தை அக்காவிடம் சொல்லி வருந்தினேன். எங்கள் வைத்தியர் சொன்னதை மட்டும் இங்கே எழுதுகிறேன்: உணவு மட்டுமே முட்டு வருத்தத்தைக் கிளப்புவது அவ்வளவு பொதுவானதல்ல, பரிசோதித்து உறுதியான உணவை மட்டும் முழுமையாக விலக்க வேண்டும், மற்றவற்றைச் சந்தேகத்தில் நிறுத்தினால் பிள்ளை மெலிந்துபோகும். மகள் இப்போது அங்கே சாப்பாட்டுக்குப் பின் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிடுகிறாள், மூச்சுக்கு எதுவும் ஆவதில்லை.

குறைகளை மறைக்க மாட்டேன். மிகப் பெரிய குறை, இந்தக் கவனம் முழுவதும் ஒருவரிடமே தங்கியிருப்பது. நான்காம் தடவை போனபோது அக்கா மூதூருக்குப் போயிருந்தார். பரிமாறிய தம்பியிடம் சம்பலில் என்ன இருக்கிறது என்று கேட்க, "ஒண்டுமில்லை அன்ரி, சாப்பிடுங்கோ" என்றார். பலகையில் ‘மாசி’ என்று எழுதியிருந்ததை நான் காட்டிய பிறகே விழித்தார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர், ஆனால் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்காவிடம் அடுத்த தடவை இதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. இப்போது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பதைத் தம்பிக்குப் பழக்கியிருக்கிறார், காசு மேசைக்கு மேலே 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். பார்சல் சோற்றுக்கு இன்னும் எந்தக் குறிப்பும் இல்லை. எந்தப் பார்சலில் சம்பல் வைத்திருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். அதனால் நாங்கள் பார்சல் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் சாமிப் படத்துக்குச் சாம்பிராணி போடுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லும் எண்ணமும் இல்லை. அந்த நேரத்தைத் தவிர்த்துக்கொள்கிறோம். மார்கழி மழையில் கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. தையில் போனபோது சுரண்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தாலும் குழாய்க் கசிவு அப்படியே இருக்கிறது, ஆகவே அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். பின்வாசலில் ஒரு பூனையும் படுத்திருக்கும். பூனை முடியால் மூச்சு முட்டுபவர்கள் முன் மேசையில் இருப்பது நல்லது.

விலை நியாயம். கடைசியாக மூவரும் மீன் சோறும் தயிரும் சாப்பிட்டு 2,150 ரூபா கொடுத்தோம். காலையில் இடியப்பமும் சொதியும், மதியத்தில் சோறு, இரவில் பிட்டும் ரொட்டியும் கிடைக்கும், கொத்து இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறாலும் நண்டும் சமைக்கிறார்கள். இறால் வேகும் ஆவியிலேயே அந்தப் புரதம் ஏறி வரும் என்பதாலும், ஆறு மேசைக் கடையில் அந்த ஆவிக்குப் போக வேறு இடம் இல்லை என்பதாலும், அந்த நாட்களில் மகளைக் கூட்டிவர வேண்டாம் என்று அக்காவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போவது செவ்வாய் முதல் வியாழன் வரையுள்ள நாட்களில், மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்னர். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால், மகளின் கறிகளுக்கென்று கைபிடியில் நீலத் துணி சுற்றிய ஓர் அகப்பையைத் தனியாக எடுத்து வைக்கிறார்.